உயரம் குறைந்தவர்கள் டூரிங் பைக்கைத் தாழ்த்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

டூரிங் பைக்கைத் தாழ்த்த நினைக்கிற பலரும் முதல் வேலையாக ஒரு லோவரிங் லிங்க்கை (பின் ஷாக்கையும் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மையும் இணைக்கிற துண்டு, வண்டி தாழும்படி நீளம் மாற்றிச் செய்தது) ஆர்டர் போட்டுவிடுகிறார்கள். பார்சல் வந்ததும் பட்டறையில் கொடுத்து மாட்டியாகிவிடும், கால் எட்டும், சந்தோஷம். அப்புறம்தான் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும்: வளைவில் வண்டி திரும்ப அடம்பிடிக்கும், சைடு ஸ்டாண்டில் நிமிர்ந்து நிற்கும், பின்னால் ஆள் ஏறினால் ஒவ்வொரு மேட்டிலும் இடிக்கும். லிங்க்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்ததால் வருகிற தொல்லை இது. வரிசைப்படி போனால், பல பேருக்கு லிங்க்கே தேவைப்படாமல் போகலாம்.

கீழே சொல்வது, பின்னால் லிங்க் வைத்த சஸ்பென்ஷனும் முன்னால் சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கும் உள்ள வண்டிகளுக்கு. சுசுகி வி-ஸ்ட்ராம் 650, ஹோண்டா சிபி500எக்ஸ், யமஹா டிரேசர் 9 எல்லாம் இந்த வகை. கவாசாக்கி வெர்சிஸ் 650-இல் பின் ஷாக் நேராக ஸ்விங் ஆர்மில் மாட்டியிருக்கும், இடையில் லிங்க் கிடையாது. பிஎம்டபிள்யூ ஆர்1250ஜிஎஸ்-இல் முன்னால் டெலிலெவர் என்கிற வேறு வகை அமைப்பு. இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு 1, 2, 3 மற்றும் 8-லிருந்து கடைசிவரை உள்ள பகுதிகள் பயன்படும், நடுவில் உள்ள கழற்றி மாட்டும் வேலை பொருந்தாது. மின்னணு சஸ்பென்ஷன் உள்ள வண்டியில் உயரத்தை அளக்கும் சென்சாரும் சேர்ந்திருக்கலாம், அதை நேராக சஸ்பென்ஷன் நிபுணரிடம் கொண்டுபோய்விடுங்கள்.

1. எவ்வளவு குறைய வேண்டும் என்று அளந்துகொள்ளுங்கள்

"கால் எட்டவில்லை" என்பது அளவு இல்லை. எத்தனை மில்லிமீட்டர் எட்டவில்லை என்பது தெரிந்தால்தான் மேற்கொண்டு எதையும் முடிவு செய்ய முடியும்.

வழக்கமாகப் போடுகிற ரைடிங் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வண்டியில் உட்காருங்கள். வண்டியை ஒருவர் முன்னால் நின்று நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு காலின் முன்பாதமும் நன்றாக ஊன்றுகிறதா, அல்லது ஒரு கால் முழுசாகத் தரையில் பட்டு மற்றது ஃபுட்பெக்கில் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று முடிந்தாலே போதும். இரண்டு குதிகாலும் தரையைத் தொட வேண்டும் என்று நினைத்துத்தான் பலர் 50 மில்லிமீட்டர் தாழ்த்தும் கிட்டை வாங்குகிறார்கள். வி-ஸ்ட்ராம் 650-இன் சீட் உயரம் 835 மில்லிமீட்டர். அதில் 20, 25 மில்லிமீட்டர் குறைந்தாலே நுனிவிரலில் நின்றவர் முன்பாதத்தில் நிற்பார். 200 கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியைத் தாங்குவதில் இந்த இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

எட்டாத இடைவெளியை அளப்பது சுலபம். கார்ட்போர்டு அட்டைகளையோ மெல்லிய பலகைகளையோ காலுக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எந்த உயரத்தில் "இது போதும்" என்று தோன்றுகிறதோ அதுதான் உங்கள் எண். எழுதி வையுங்கள்.

இன்னொன்று. பலமாடிக் கார்பார்க்கின் சமதரையில் மட்டும் அளக்காதீர்கள். நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம், மழைநீர் வடிவதற்காகச் சாலை இடது ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். சிக்னலில் இடது கால் ஊன்றும் இடம் எப்போதும் கொஞ்சம் பள்ளம். கார்பார்க்கில் எட்டிய கால் சாலை ஓரத்தில் எட்டாமல் போவது இதனால்தான். சிங்கப்பூரிலிருந்து மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் காஸ்வேயில் வார இறுதியில் வரிசை நிற்கும்போது, வலது கால் பிரேக்கில், இடது கால் தரையில் என்று நூறு தடவை நின்று நின்று நகர வேண்டியிருக்கும். அந்த இடது காலை வைத்து அளவெடுங்கள்.

2. முதலில் பூட்ஸும் சீட்டும்

சஸ்பென்ஷனைத் தொடாமல் கிடைக்கிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் இலவசம், ஏனென்றால் வண்டியின் ஓட்டம் கொஞ்சமும் மாறுவதில்லை.

தடித்த அடிப்பாகம் உள்ள டூரிங் பூட்ஸ் 15-லிருந்து 25 மில்லிமீட்டர் வரை தரும். குதிகால் மட்டும் உயர்ந்த பூட்ஸ் உதவாது, முன்பாதத்தின் அடியும் தடிமனாக இருக்க வேண்டும், நாம் ஊன்றுவது முன்பாதத்தைத்தானே.

சீட்டில் எல்லாரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். அகலத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. சீட்டின் முன்பகுதி, பெட்ரோல் டேங்க்கை ஒட்டிய இடம், அகலமாக இருந்தால் தொடை வெளிப்பக்கம் விரிந்து கால் நீளமெல்லாம் பக்கவாட்டில் வீணாகிறது. சீட் தைப்பவரிடம் "நுரையைக் குறைத்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னால் நடுவில் குழிபோலத் தோண்டிவிடுவார், பினாங்கு போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். "முன்னால் இரண்டு ஓரத்தையும் சீவி ஒடுக்குங்கள், நடுவில் கொஞ்சம் மட்டும் எடுங்கள்" என்று சொல்லுங்கள். முடிந்தால் சீட்டில் உட்கார்ந்து, தொடை உரசும் இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். சில வண்டிகளுக்குத் தயாரிப்பாளரே தாழ்ந்த சீட் விற்கிறார்கள், கிடைத்தால் அதுவே நல்லது, ஒரிஜினல் சீட் அப்படியே பத்திரமாக இருக்கும்.

சின்ன டயர் மாட்டித் தாழ்த்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வேகமானி தவறாகக் காட்டும், ஏபிஎஸ் இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டுத்தான் வேலை செய்கிறது.

3. சேக் பாருங்கள்

வண்டியின் எடையிலும் ஓட்டுபவர் எடையிலும் சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்குகிறது என்பதைத்தான் சேக் என்கிறோம். உயரம் குறைந்தவர்கள் பலர் எடையும் குறைந்தவர்கள். கடையிலிருந்து வந்த ஸ்பிரிங் அமைப்பு அவர்களுக்கு இறுக்கமாக இருக்கலாம், வண்டி அமுங்க வேண்டிய அளவு அமுங்காமல் உயரமாகவே நிற்கும். அதைச் சரிசெய்தாலே 10 மில்லிமீட்டருக்கு மேல் கிடைப்பதுண்டு.

அளக்க மூன்று பேர் வேண்டும். பின்சக்கர ஆக்ஸிலுக்கு நேர் மேலே பாடியில் ஒரு இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் புள்ளி வையுங்கள். மூன்று அளவு எடுக்க வேண்டும்: சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது, வண்டி மட்டும் தன் எடையில் நிற்கும்போது, நீங்கள் ஹெல்மெட் ஜாக்கெட்டோடு ஃபுட்பெக்கில் கால் வைத்து உட்காரும்போது. கடைசி இரண்டையும் எடுக்கும்போது வண்டியை ஒரு தடவை கீழே அமுக்கி மெல்ல விட்டு அளந்து, ஒரு தடவை மேலே தூக்கி மெல்ல விட்டு அளந்து, சராசரி எடுங்கள். சீல்களின் உரசலில் ஃபோர்க்கும் ஷாக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கும், ஒரே ஒரு அளவை நம்ப முடியாது.

முதல் அளவுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள வித்தியாசம், மொத்த சக்கரப் பயணத்தில் (சக்கரம் மேலும் கீழும் நகரக்கூடிய தூரம்) சுமார் 30 விழுக்காடு இருக்க வேண்டும். 160 மில்லிமீட்டர் பயணம் உள்ள வண்டி என்றால் 48 பக்கத்தில். உங்களுக்கு 35 வந்தால் பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைத்திருக்கும் அளவு) குறைத்து 48-க்குக் கொண்டுவாருங்கள், 13 மில்லிமீட்டர் நியாயமாகக் கிடைத்த தாழ்வு.

ஆனால் அதோடு நிறுத்துங்கள். புதிதாக வருபவர்கள் அதிகமாகச் செய்கிற தவறு, கால் எட்டும்வரை பிரீலோடைக் குறைத்துக்கொண்டே போவது. பிரீலோட் ஸ்பிரிங்கை மென்மையாக்குவதும் இல்லை, கடினமாக்குவதும் இல்லை, ஸ்பிரிங் எந்த இடத்திலிருந்து வேலையைத் தொடங்குகிறது என்பதை மட்டும் மாற்றுகிறது. சேக் 70-க்குப் போனால் மிச்சம் 90 மில்லிமீட்டர்தான். அதிலேயே பெட்டிகளும் பின்னால் ஆளும் மலேசியக் கிராமச் சாலைப் பள்ளமும் அடங்க வேண்டும். அடங்காது.

நீங்கள் உட்கார்ந்த சேக் சரியாக வந்து, வண்டி மட்டும் நிற்கும்போது துளிகூட அமுங்கவில்லை என்றால் ஸ்பிரிங் உங்களுக்கு மென்மை. வண்டி மட்டும் நிற்கும்போதே நிறைய அமுங்கினால் ஸ்பிரிங் கடினம். ஸ்பிரிங்கை மாற்றாமல் லிங்க் மாட்டினால் முதல் வகையில் நிலைமை இன்னும் மோசமாகும், ஏன் என்று 9-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

4. பின்னால் எவ்வளவு, முன்னால் எவ்வளவு

பூட்ஸ், சீட், சேக் மூன்றையும் முடித்துவிட்டு மறுபடி அட்டைகளை வைத்து அளந்து பாருங்கள். இன்னும் இடைவெளி இருந்தால்தான் லிங்க்.

பின்பக்கத்தை மட்டும் 30 மில்லிமீட்டர் தாழ்த்தினால் சீட் 30 தாழாது. சீட் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிறது, சுமார் 20 தாழும். அதோடு வண்டி பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிடும். வி-ஸ்ட்ராம் 650-இன் இரு ஆக்ஸில்களுக்கு இடையே 1,560 மில்லிமீட்டர். பின்னால் மட்டும் 25 குறைத்தால் முன் ஃபோர்க்கின் சாய்வு கிட்டத்தட்ட ஒரு டிகிரி கூடுகிறது. ஒரு டிகிரிதானே என்று விட முடியாது, ஹேண்டில் கனக்கும், வளைவில் வண்டி வெளியே தள்ளும், முன்சக்கரத்தின் மீது எடை குறையும்.

அதனால் முன்பக்கத்தையும் சேர்த்து இறக்க வேண்டும். பின்னால் 25 என்றால் முன்னால் 15-லிருந்து 20 வரை போய்ப் பாருங்கள். பின்பக்கத்தைவிட முன்பக்கம் அதிகமாகத் தாழக் கூடாது, தாழ்ந்தால் ஹேண்டில் படபடவென்று திரும்பும், வேகத்தில் ஆடத் தொடங்கும், பெட்டி மாட்டிய வண்டியில் அது ஆபத்து.

ஃபோர்க் சாய்ந்திருப்பதால், அதன் குழாய்களை அவற்றைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பில் 15 மில்லிமீட்டர் மேலே ஏற்றினால் முன்பக்கம் 13-லிருந்து 14 வரைதான் இறங்கும். சின்ன வித்தியாசம், கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

லிங்க் வழியாக 30 மில்லிமீட்டருக்கு மேல் போகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு மேல் வேண்டுமானால் ஷாக்கையும் ஃபோர்க்கையும் பிரித்து உள்ளே ஸ்பேஸர் வைத்துப் பயணத்தையே குறைக்கும் முறைக்குப் போங்கள். செலவு அதிகம்தான், ஆனால் டயர் எதிலும் இடிக்காது, வண்டி ஒழுங்காக ஓடும்.

5. வாங்குவதற்கு முன்

சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையமான எல்டிஏ வண்டி மாற்றங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறது: அனுமதி தேவையில்லாதவை, முன் அனுமதி வேண்டியவை, செய்யவே கூடாதவை. லிங்க்குக்குக் காசு கொடுக்கும் முன் எல்டிஏவின் ஒன்மோட்டரிங் தளத்தில் உங்கள் வண்டிக்கும் நீங்கள் செய்யப்போகும் வேலைக்கும் எது பொருந்துகிறது என்று பார்த்துவிட்டு, சோதனை நிலையத்திலும் கேட்டு வையுங்கள். மூன்று வயதைத் தாண்டிய மோட்டார்சைக்கிள் ஆண்டுதோறும் சோதனைக்குப் போக வேண்டும், அங்கே போய் நிற்கும்போது பிரச்சினை கிளம்பக் கூடாது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கழற்றிய ஒரிஜினல் லிங்க்கையும் போல்ட்டையும் ஒரு பையில் போட்டு வண்டி எண் எழுதி வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்குபவர் ஆறடி ஆளாக இருக்கலாம்.

வேண்டியவை: டார்க் ரெஞ்ச் (எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்), உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல், வெர்னியர் காலிப்பர், சின்ன ஜாக், வெவ்வேறு தடிமனில் பலகைகள், கட்டி நிறுத்த இரண்டு ராட்செட் ஸ்ட்ராப், நீர் புகாத கிரீஸ், புது லாக் நட்டுகள். மேனுவல் இல்லாமல் தொடங்காதீர்கள். தாழ்த்தும் முன்பே எடுக்க வேண்டிய அளவுகள் 10, 11-ஆம் பகுதிகளில் இருக்கின்றன, அவற்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். இறுக்கும் அளவு வண்டிக்கு வண்டி வேறு, யாரோ சொன்ன எண்ணை நம்பி இறுக்கக் கூடாது.

எச்டிபி அடுக்குமாடி வீடுகளின் கார்பார்க்கில் இந்த வேலையைச் செய்ய நினைக்காதீர்கள். பாதியில் வண்டி உருட்ட முடியாத நிலையில் நிற்கும், அது அதற்கான இடமும் இல்லை. உபி, காக்கி புக்கிட் பக்கம் தெரிந்த பட்டறை இருந்தால், கூட நின்று செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள். பட்டறைக்காரரே செய்தாலும் கீழே உள்ளதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள், பலர் லிங்க்கை மாட்டுவதோடு வேலை முடிந்தது என்று கொடுத்துவிடுகிறார்கள்.

6. பின்பக்கம்: லிங்க் மாற்றுவது

வண்டியை எதில் நிறுத்துகிறீர்கள் என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பேடாக் ஸ்டாண்டு கூடாது. அது ஸ்விங் ஆர்மைப் பிடித்துத் தூக்குகிறது. லிங்க் போல்ட்டை உருவிய நொடியில் ஸ்விங் ஆர்முக்கும் வண்டிக்கும் இருந்த பிடி போய், வண்டி பொத்தென்று உட்காரும். சென்டர் ஸ்டாண்டு ஃபிரேமில் இருப்பதால் பரவாயில்லை. அது இல்லாத வண்டியை எஞ்சினுக்கோ ஃபிரேமுக்கோ கீழே ஜாக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஸ்ட்ராப் கட்டி நிறுத்த வேண்டும்.

ஆனால் தூக்கும் முன்பே, வண்டி தரையில் இருக்கும்போதே, லிங்க் நட்டுகளை ஒரு கால் சுற்று தளர்த்திவிடுங்கள். தொழிற்சாலையில் நன்றாக இறுக்கியிருப்பார்கள், ஸ்டாண்டில் ஏற்றியபின் முழு பலம் போட்டு இழுத்தால் வண்டி ஸ்டாண்டை விட்டு இறங்கிவிடும்.

அப்புறம் சக்கரத்தின் எடை. ஸ்டாண்டில் ஏற்றியதும் பின்சக்கரம் தொங்கும், அந்த எடை முழுவதும் போல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். டயருக்குக் கீழே பலகைகளைச் செருகுங்கள், மெல்லிய பலகையாக ஒவ்வொன்றாக. நட்டைக் கழற்றிவிட்டு, போல்ட்டின் தலையை விரலால் திருப்பிப் பாருங்கள். விரலுக்குச் சுற்றவில்லை என்றால் உயரம் இன்னும் சரியில்லை, ஒரு பலகை கூட்டவோ குறைக்கவோ வேண்டும். சரியான உயரம் வந்ததும் அது இரண்டு விரலில் தானாகச் சுற்றும், இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். சுத்தியலால் தட்டி எடுப்பவர்கள் போல்ட்டின் மரையையும் உள்ளே இருக்கிற ஊசி பேரிங்கையும் சேர்த்துக் கெடுக்கிறார்கள்.

சில வண்டிகளில் போல்ட் வெளியே வர எக்ஸாஸ்ட்டோ சென்டர் ஸ்டாண்டோ வழியில் நிற்கும். அதைக் கழற்றத்தான் வேண்டும், வளைத்து எடுக்க முயல வேண்டாம். போல்ட் எந்தப் பக்கமிருந்து போயிருந்தது என்று கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள், திருப்பி மாட்டினால் சில வண்டிகளில் நட்டின் முனை செயினில் உரசும்.

வெளியே எடுத்ததும் பேரிங்கைத் துடைத்துப் பாருங்கள். நம் ஊர் மழையில் ஓடிய வண்டிகளில் இந்த இடம் காய்ந்து, துருப்பொடி செம்மண் மாதிரி ஒட்டியிருக்கும். காலர் வழவழப்பாக இருந்தால் சுத்தம் செய்து புது கிரீஸ் வையுங்கள், கீறல் விழுந்திருந்தால் மாற்றிவிடுங்கள். இவ்வளவு தூரம் கழற்றிவிட்டு இதை விடக் கூடாது.

பெரும்பாலான வண்டிகளில் நீளமான லிங்க் பின்பக்கத்தைத் தாழ்த்தும், சில அமைப்புகளில் தலைகீழ். உங்கள் மாடலுக்கென்றே செய்த லிங்க்கா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். புது லிங்க் இரண்டையும் பழையதோடு பக்கத்தில் வைத்து, துளைக்குத் துளை காலிப்பரால் அளந்து பாருங்கள், இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும். மாட்டி, புது லாக் நட் போட்டு, சக்கரத்தின் எடை லிங்க்கில் இழுக்காத நிலையில், மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இறுக்குங்கள்.

7. முன்பக்கம்: ஃபோர்க்கை ஏற்றுவது

வண்டியை எஞ்சினுக்குக் கீழே ஜாக் கொடுத்து, முன்சக்கரம் தரையை லேசாகத் தொடும் அளவில் நிறுத்துங்கள். மேல் கிளாம்ப், கீழ் கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்திவிட்டு ஜாக்கை மெல்ல மெல்ல இறக்கினால் குழாய்கள் கிளாம்ப்புக்குள் தாமாக மேலே ஏறும். ஜாக் இல்லாமல் போல்ட்டைத் தளர்த்தினால் வண்டியின் மூக்கு ஒரேயடியாகக் கீழே போய்விடும்.

மேல் கிளாம்ப்பின் மேற்பரப்பிலிருந்து குழாயின் விளிம்புவரை காலிப்பரால் அளங்கள். மூடியின் உச்சியிலிருந்து அளக்க வேண்டாம், பிரீலோட் திருகினால் மூடியில் உள்ள திருகு உயரம் மாறும். இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூட இல்லாமல் இருக்கட்டும்.

தலைகீழ் ஃபோர்க் (தடித்த வெளிக்குழாய் மேலே இருப்பது) உள்ள வண்டியில் கவனம். வெளிக்குழாய் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் இல்லை, கிளாம்ப் பிடிக்க வேண்டிய பகுதி குறிப்பிட்ட நீளம்தான். அதைத் தாண்டி ஏற்றினால் பிடி போதாது.

கீழ் கிளாம்ப்பில் இரண்டு போல்ட் இருந்தால் ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள். முதல், இரண்டாவது, மறுபடி முதல், மறுபடி இரண்டாவது என்று மாற்றி மாற்றிப் போங்கள், ஒன்றை இறுக்கும்போது மற்றது தளரும். அளவுக்கு மேல் இறுக்கினால் குழாய் நசுங்கி, ஃபோர்க் உள்ளே உராய்ந்து, வண்டி சின்ன மேடுகளில் கடகடவென்று அடிக்கும்.

முடித்ததும் முன் ஆக்ஸிலை இறுக்கிப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட்டைத் தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக் பிடித்து நாலைந்து தடவை அமுக்கிவிட்டு, திரும்ப இறுக்குங்கள். இரண்டு ஃபோர்க் காலும் இணையாக வந்து உட்கார இது தேவை.

ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஏறிய குழாய் ஹேண்டில்பாரில் இடிக்கக் கூடாது, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் ஒயரும் எங்கும் மடங்கவோ இழுபடவோ கூடாது.

8. முழுசாக அமுங்கினால் எது எதில் இடிக்கும்

இதை யாரும் பார்ப்பதே இல்லை, இதுதான் உயிருக்கு ஆபத்தான இடம். லிங்க் மாற்றினால் வண்டி தாழ்கிறது, ஆனால் ஷாக்கின் பயணம் குறையவில்லை. அதாவது முழுசாக அமுங்கும்போது பின்டயர் முன்பைவிட மேலே போகும். அங்கே மட்கார்டின் உட்பக்கமோ ஒயர் கட்டோ இருந்தால் டயர் அதில் தேய்க்கும்.

முன்பக்கத்துக்கு ஒரு நேரடிக் கணக்கு: முன்சக்கரத்தைத் தூக்கித் தொங்கவிட்டு, மட்கார்டின் மேல்புறத்துக்கும் கீழ் கிளாம்ப், ரேடியேட்டர், ஹார்ன் ஆகியவற்றில் எது அருகில் இருக்கிறதோ அதற்கும் இடைவெளியை அளங்கள். அதிலிருந்து ஃபோர்க்கின் மொத்தப் பயணத்தைக் கழியுங்கள். 10 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும், இல்லையென்றால் ஃபோர்க்கைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுங்கள்.

பின்பக்கத்தில் சக்கரத்தைத் தொங்கவிட்டு இதே கணக்கைப் போட்டபின், பின்மட்கார்டின் உட்புறத்தில் டயருக்கு நேராகப் பிளாஸ்டிசின் களிமண் உருண்டையை ஒட்டுங்கள், 20 மில்லிமீட்டர் தடிமன் இருக்கட்டும். பின்னால் ஆளை ஏற்றி, பெட்டிகளில் சாமான் வைத்து, ஆளில்லாத இடத்தில் ஒரு வேகத்தடையை மெதுவாக ஏறி இறங்குங்கள். களிமண் அப்படியே இருந்தால் சரி. அதில் டயர் பூவின் வரி பதிந்திருந்தால், மெதுவான வேகத்தில் ஒரு வேகத்தடையிலேயே இவ்வளவு நெருங்குகிறது என்று அர்த்தம். நெடுஞ்சாலைப் பள்ளத்தில் நிச்சயம் தொடும். லிங்க்கின் அளவைக் குறைக்க வேண்டும்.

எஞ்சின் அடிக்காப்பு, எக்ஸாஸ்ட், சென்டர் ஸ்டாண்டு ஆகியவையும் தரைக்கு அருகில் வந்திருக்கும். உங்கள் புளோக்கின் கார்பார்க் சரிவு முடிந்து சமமாகிற விளிம்பில் அது உரசுகிறதா என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

9. சேக் மறுபடியும், அப்புறம் செயின்

நீளமான லிங்க் நெம்புகோலின் விகிதத்தை மாற்றுகிறது. ஷாக் அதே அளவு அமுங்கச் சக்கரம் முன்பைவிட அதிக தூரம் நகரும், ஆகவே அதே ஸ்பிரிங் மென்மையாகத் தெரியும். 3-ஆம் பகுதியில் அமைத்த சேக் இப்போது கூடியிருக்கும். மறுபடி மூன்று அளவும் எடுத்து, பிரீலோடைக் கூட்டி 30 விழுக்காட்டுக்குக் கொண்டுவாருங்கள். சீட் கொஞ்சம் உயரும். அந்த உயரத்தோடுதான் லிங்க்கின் அளவைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், அதை மறுபடி பிரீலோடில் திருடக் கூடாது. பின்னால் ஆளோடு போகும்போது பிரீலோடைக் கூட்டிக்கொள்ளவும் மறக்காதீர்கள்.

செயினுக்கு வருவோம். முன் பல்சக்கரம், ஸ்விங் ஆர்ம் திரும்பும் அச்சு, பின் ஆக்ஸில் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரும்போதுதான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். தாழ்த்திய வண்டி அந்தக் கோட்டுக்கு அருகிலேயே நிற்கிறது. அதனால் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் சொல்லும் தளர்வு இனி உங்களுக்குப் பொருந்தாது.

ராட்செட் ஸ்ட்ராப்பால் பின்பக்கத்தைக் கீழே இழுத்து மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடத்தில் செயின் 10-லிருந்து 15 மில்லிமீட்டர் அசையும்படி வைத்துவிட்டு, ஸ்ட்ராப்பை விட்டு, வண்டி சைடு ஸ்டாண்டில் நிற்கும்போது எவ்வளவு தளர்வு என்று அளந்து எழுதுங்கள். இனி அதுதான் உங்கள் செயின் எண். இறுகிய செயின் எஞ்சின் வெளியீட்டுத் தண்டின் பேரிங்கைத் தின்றுவிடும்.

10. சைடு ஸ்டாண்டும் சென்டர் ஸ்டாண்டும்

வண்டி தாழ்ந்தும் சைடு ஸ்டாண்டு அதே நீளம் என்றால் வண்டி நிமிர்ந்து நிற்கும். நம் கார்பார்க்குகளில் பைக் லாட்டில் வண்டிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நிற்கின்றன, பக்கத்து வண்டிக்காரர் இடம் பண்ண லேசாகத் தள்ளினால் போதும், வலது பக்கம் சாய்ந்து வரிசையையே சாய்த்துவிடும்.

எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கண்ணால் முடிவு செய்ய வேண்டாம். வண்டியைத் தாழ்த்தும் முன்பே சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, கைப்பேசியின் லெவல் செயலியால் சாய்வு எத்தனை டிகிரி என்று குறித்து வையுங்கள். தாழ்த்தி, சேக் அமைத்தபின், இரண்டு டயருக்கும் அடியில் ஒரே தடிமன் பலகைகளை வைத்து அதே டிகிரி வரும்வரை ஏற்றுங்கள். பலகையின் உயரம்தான் ஸ்டாண்டு குறைய வேண்டிய உயரம், ஸ்டாண்டு சாய்ந்திருப்பதால் அதன் நீளத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எடுக்க வேண்டும்.

ஸ்டாண்டின் அடியில் அகலத் தட்டு மாட்டியிருந்தால் அதைக் கழற்றிப் பாருங்கள், சில மில்லிமீட்டர் அதிலேயே கிடைக்கும். வெட்டி ஒட்டுவதாக இருந்தால் நல்ல வெல்டரிடம் கொடுங்கள். மேலே சொன்ன எல்லாம் முடிந்து கொஞ்ச நாள் ஓட்டி, இனி உயரத்தை மாற்றப்போவதில்லை என்று தெரிந்தபின் வெட்டுங்கள். வெட்டியதை நீட்ட முடியாது.

சென்டர் ஸ்டாண்டில் ஏற்றுவது கடினமாகிவிடும். பின்டயருக்குக் கீழே, தாழ்த்திய அளவுக்கு ஒரு பலகையை வைத்து, அதன்மேல் வண்டியை உருட்டி ஏற்றிவிட்டு ஸ்டாண்டு போடுங்கள்.

11. முன்விளக்கு

பின்பக்கம் முன்பக்கத்தைவிட அதிகம் தாழ்ந்திருந்தால் வெளிச்சம் மேலே போகும், எதிரே வருபவர் கண் கூசும். தாழ்த்தும் முன் சுவரில் வெளிச்சத்தின் மேல் விளிம்பில் டேப் ஒட்டி வையுங்கள், வேலை முடிந்தபின் அதே இடத்தில் நிறுத்தி, அதே விளிம்புக்கு இறக்குங்கள். நீங்கள் வண்டியில் உட்கார்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும்.

12. ஓட்டிப் பார்ப்பது

முதல் ஓட்டம் கார்பார்க்குக்குள். மெதுவாக எட்டு போடுங்கள், ஹேண்டில் எங்காவது பிடிக்கிறதா, பிரேக் போட்டால் முன்பக்கம் டக் என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். அடுத்தது பேட்டைச் சாலை. அப்புறம்தான் விரைவுச்சாலை, மழை இல்லாத நேரத்தில், தனியாக. நேராகப் போகும்போது வண்டி அலைகிறதா, தடம் மாறும்போது கனக்கிறதா என்று பாருங்கள். கனத்தால் ஃபோர்க்கை 3 மில்லிமீட்டர் கூட ஏற்றுங்கள், படபடத்தால் 3 மில்லிமீட்டர் இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

வளைவில் ஃபுட்பெக் முன்பைவிடச் சீக்கிரம் தரையைத் தொடும். கெந்திங் மலைச் சாலையில்தான் அதை முதல் தடவை தெரிந்துகொள்வது என்று வைத்துக்கொள்ளாதீர்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் லிங்க் நட், கிளாம்ப் போல்ட், ஆக்ஸில் எல்லாவற்றிலும் டார்க் ரெஞ்ச் வைத்துச் சரிபாருங்கள். பெட்டி, பின்னால் ஆள் எல்லாம் ஏற்றி உள்ளூரில் ஒரு முழுச்சுற்று ஓட்டிப் பார்த்தபின் எல்லை தாண்டுங்கள்.

ஃபோர்க்கின் அளவு, தனியாகவும் ஆளோடும் போகும்போது பிரீலோட் எத்தனை கிளிக், செயின் தளர்வு மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு சீட்டுக்கு அடியில் வையுங்கள். அடுத்த தடவை டயர் மாற்றப் போகும்போது மெக்கானிக் பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிவிட்டு, பழக்கத்தில் ஸ்டிக்கரைப் பார்த்துச் செயினை இறுக்கிவிடுவார். சாவியைக் கொடுக்கும்போதே அந்த அட்டையையும் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.